அப்பாவுக்கு உப்பு ஆகாது

உங்களில் பாதிப் பேருக்காவது டாக்டர் இந்நேரம் உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பார். காலையில் நடக்க வரும் என் வயதுக்காரிகள் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்ததும் இதைத்தான் பேசுகிறார்கள். உப்பில்லாமல் வாய்க்கு விளங்கவில்லை என்று ஒருத்தி சொல்வாள். மருமகள் கண்ணில் படாமல் அப்பளம் தின்ற கதையை இன்னொருத்தி சொல்வாள். எல்லோரும் சிரிப்போம். நானும்தான் சிரிக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சு வந்தாலே சீக்கிரம் எழுந்து இன்னொரு சுற்று நடக்கப் போய்விடுவேன்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க உப்பில்லாமல் சமைத்தார்கள். என்ன நடந்தது என்று எத்தனையோ தடவை வரிசையாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து குழம்பி நின்றுவிடுகிறேன். உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன், உங்களுக்காவது தெளிகிறதா என்று.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் டில்லியில் கோல் மார்க்கெட் பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கீழ் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் செங்கல் பாவிய முற்றம். முற்றத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். அப்பா ஏதோ ஒரு மந்திரி ஆபீசில் குமாஸ்தா. அம்மா வீட்டில். அம்மாவின் தங்கை, என் சித்தி, வேலை கிடைத்து ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தாள். அவளும் சர்க்கார் ஆபீஸ்தான், டைப்பிஸ்ட். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்குள் அந்தப் பேச்சு, வாசலைத் தாண்டினால் இந்தி. நான் டில்லியிலேயே பிறந்தவள் என்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிப் பேசுவேன்.

அதுவரை எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சாப்பாடுதான். சொதி, புளிக்குழம்பு, உளுந்தம்பருப்புச் சோறு, கூடவே ஏதாவது ஒரு வற்றல். அம்மா உப்பைக் கையால் அள்ளித்தான் போடுவாள். அளவு தவறியதே இல்லை.

தசராவுக்குப் பிறகு ஒரு நாள் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார்கள். அப்பாவின் சட்டைப்பையில் மடித்த சீட்டு ஒன்று இருந்தது. அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பிள்ளையை மடியில் வைக்க மாட்டார்கள், எனக்கே கூச்சமாக இருந்தது. தனக்குப் பிரஷர் என்றும், இனிமேல் தனக்கு உப்பு ஆகாது என்றும், அதனால் வீட்டில் யாருக்குமே உப்புப் போடாமல்தான் சமைக்கப்போகிறோம் என்றும் சொன்னார். யார் கேட்டாலும் அப்படியே சொல்ல வேண்டுமாம்.

"அப்பாவுக்குப் பிரஷர்னு சொல்லணும். என்ன?"

சரி என்றேன். பிரஷர் என்றால் எனக்குத் தெரிந்தது புதிதாக வாங்கியிருந்த குக்கர்தான். அது போல அப்பாவும் எப்போதாவது விசில் அடிப்பாரோ, மூடி தெறித்துவிடுமோ என்று பயந்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து குழப்பம் ஆரம்பித்தது. நோயாளி அப்பா. சமையலறையில் நின்றதும் அப்பா. உடம்புக்கு ஒன்றும் இல்லாத அம்மா முற்றத்து வெயிலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சித்தி காலையில் கொஞ்சம் அரிந்து கொடுத்துவிட்டு ஆபீஸ் ஓடுவாள். அப்பா விடிந்தவுடன் எழுந்து கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு சமைப்பார். அவருக்கு அதுவரை டீ போடத்தான் தெரியும். டாக்டர் சொன்னாரென்று முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் என்று வண்டிக்காரனிடம் வாங்குவார். பொடிப்பொடியாக நறுக்குவார். நிறைய தண்ணீர் விட்டு வேக வைப்பார். அந்தத் தண்ணீரை அப்படியே கொட்டிவிடுவார். பிறகு இன்னொரு தடவை வேக வைப்பார். தாளிப்பு கிடையாது, புளி கிடையாது, மிளகாய் கூடக் கிடையாது. எதை விட வேண்டும் என்று டாக்டர் சொன்னாரோ அதோடு எல்லாவற்றையுமே விட்டுவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. பருப்பைக் கூடக் குறைத்துவிட்டார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த மாதம்தான் சத்துணவுப் பாடம் நடந்தது. காய் வேக வைத்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது, பருப்பு நிறையச் சாப்பிட வேண்டும் என்று டீச்சர் படம் போட்டுக் காட்டினார். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"பாடத்துல இருக்கது பாடத்துக்கு. இது வீட்டுக்கு," என்றார்.

இரண்டு வெவ்வேறு சத்து எப்படி இருக்க முடியும் என்று யோசித்துக்கொண்டே அந்த வெள்ளை முள்ளங்கியைத் தின்றேன். ஈரத் துணியைச் சவைப்பது போல இருக்கும். சோறும் அப்படித்தான். வாயில் ஆவி மட்டும் மிஞ்சும். உப்பு ஜாடியை அப்பா எங்கோ வைத்துவிட்டார். தட்டோரத்தில் ஒரு கல் உப்பு வைத்துக்கொள்ளக்கூட எனக்கு அனுமதி இல்லை. பார்த்தால் அப்பாவுக்கு ஆசை வந்துவிடும் என்று சித்தி சொன்னாள். சொல்லும்போது அவள் பார்த்தது அம்மாவை. நான் அதைக் கவனித்தேன். ஆனால் என்ன கவனித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா மெலிய ஆரம்பித்தார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார். அம்மாவோ பூசினாற்போல் ஆனாள். கன்னம் உப்பியது. காலையில் கண் இரண்டும் வீங்கி, நிறைய தூங்கியவள் போல இருப்பாள். கண்ணாடி வளையல் கழலவில்லை என்று சித்தி சோப்புப் போட்டுக் கழற்றினாள். காலுக்குச் செருப்பு பற்றாமல் அப்பாவின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஒரு குழந்தை இதையெல்லாம் வைத்து என்ன முடிவுக்கு வரும்? அப்பா நோயில் தேய்கிறார், அம்மா சுகமாக உட்கார்ந்து பெருத்துக்கொண்டே போகிறாள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பாவை நான் காவல் காத்தேன். ஆபீசிலிருந்து வந்ததும் அவர் கையை மோந்து பார்ப்பேன், சமோசா வாசனை வருகிறதா என்று. அவரும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் கூட வாசனை வந்ததில்லை. ஆபீசிலும் அவர் உப்பில்லாத டப்பாவைத்தான் தின்றார். யாருக்காக அப்படி இருந்தார் என்று தெரிய எனக்கு ரொம்ப நாளாயிற்று.

கார்த்திகையில் சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். கரோல் பாக்கில் இருக்கும் குடும்பம், எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா விதவை. நல்ல உயரம், உரத்த குரல். அன்றைக்கு மட்டும் சித்தி உப்புப் போட்டுப் பஜ்ஜி செய்தாள். வீடு முழுக்க எண்ணெய் வாசனை. அப்பா தட்டைத் தொடவில்லை. தனக்குப் பிரஷர் என்று அவரே சொன்னார். நானும் சொன்னபடி ஒப்பித்தேன். அம்மா பட்டுச் சேலை கட்டி, கால் தெரியாதபடி மடக்கி ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளிடம் நீங்களும் ஏன் பஜ்ஜி எடுக்கவில்லை என்று கேட்டார். வீட்டுக்காரர் சாப்பிடாதபோது தனக்கு மட்டும் எப்படி இறங்கும் என்றாள் அம்மா. எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு வாரத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சம்மதம் என்று கடிதம் வந்தது.

மேல்வீட்டில் ஒரு பஞ்சாபி ஆன்ட்டி இருந்தார். எனக்கு நெய் விட்ட முள்ளங்கிப் பராட்டா கொடுப்பார், ஊறுகாயோடு. உப்புக்காகவே மாடி ஏறுவேன். ஒரு நாள் அவர் மாடியிலிருந்து எங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், பாவம் உன் பாபுஜி, நோயாளி அடுப்பில் நிற்கிறார், நல்லா இருக்கிறவள் வெயில் காய்கிறாள் என்று. கெட்ட எண்ணத்தில் சொன்னதாக இப்போது நினைக்கவில்லை. ஆனால் என் மனதில் இருந்ததற்கு ஒரு பெரியவர் வார்த்தை கொடுத்துவிட்டார். அது போதுமாக இருந்தது.

அன்று சாயங்காலம் வெயில் இறங்கியதும் அம்மா கட்டிலிலிருந்து, உள்ளே கிடக்கும் சால்வையை எடுத்து வா என்றாள். நான் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன்.

"நீயே போய் எடுத்துக்கோ. அப்பாதானே சீக்கு? உனக்கு என்ன?" என்றேன். ஆன்ட்டி சொன்னதையும் சொன்னேன். இந்தியிலேயே, அவர் குரலிலேயே சொன்னேன்.

அம்மா மெல்ல எழுந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்தாள், பிறகு சுவரைப் பிடித்தாள். முற்றத்திலிருந்து அறைக்குப் பத்தடி இருக்காது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எது என்று தெரியவில்லை.

அடுத்த நாளோ, அதற்கு அடுத்த நாளோ, பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அப்பாவும் சித்தியும் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, பரண்ல நார்த்தங்கா ஜாடி இருக்கு. ஒரே ஒரு துண்டு எடுத்துத் தாரியா? வாய் கசந்து வருது."

ஊரிலிருந்து வந்த உப்பு நார்த்தங்காய். காய்ந்து, கறுத்து, மேலே உப்புப் பூத்திருக்கும். சித்தி ஆபீசுக்குத் தயிர்சோறு கொண்டுபோவதற்காக அது மட்டும் வீட்டில் தங்கியிருந்தது. உப்பு ஆகாதது அப்பாவுக்கு. அம்மாவுக்கு இல்லை. அப்பா எதிரில் தின்னக் கூடாது, அவ்வளவுதானே? அன்று அப்படிப் பேசியதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கும் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறினேன். ஒரு துண்டு எடுத்தேன்.

அம்மா அதை வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதியை அந்தக் குளிர்காலத்தில் நான் பார்த்ததே இல்லை. அப்பாகிட்ட சொல்லாதட்டி என்றாள். மாட்டேன் என்றேன்.

அதற்குப் பிறகு தினமும் கொடுத்தேன். அப்படித்தான் எனக்கு ஞாபகம். பையை வைத்ததும் ஸ்டூல், பரண், ஜாடி. ஒரு துண்டு இரண்டாயிற்று. சில நாள் அவள் கேட்பாள், சில நாள் கேட்காமலே கொடுத்தேன். கையில் ஒட்டிய உப்பை நான் நக்கிக்கொள்வேன். அது எங்கள் இரண்டு பேருக்குமான ரகசியம் என்று எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது.

தையில், நல்ல பனி மூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அம்மாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே இருந்தாள். முகம் எனக்கு அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. அப்பா ஸ்டாண்டிலிருந்து டாக்சி கொண்டுவந்து அவளை ரஜாய்ப் போர்வையோடு தூக்கி ஏற்றினார். பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்ட அந்த அப்பா. நோயாளி அப்பா. நான் வாசலில் நின்றுகொண்டு, நீ தூக்காதே அப்பா, உனக்குப் பிரஷர் என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்திதான் முற்றத்துக் கட்டிலில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"சீக்கு அத்தானுக்கு இல்லட்டி. அக்காவுக்கு. கிட்னியில கோளாறு. உப்பு பட்டா நீர் கோத்துக்கும்."

அப்படியென்றால் ஏன் அப்பாவுக்கு என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். அக்காவுக்குக் கிட்னி கெட்டுவிட்டது என்று தெரிந்தால் தங்கையை யார் கட்டுவார்கள் என்று அப்பா பயந்தாராம். குடும்பத்து வியாதி என்று சொல்லிவிடுவார்களாம். ஆம்பளைக்குப் பிரஷர் என்றால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அதனால் நோயைத் தன் பேரில் போட்டுக்கொண்டார். குழந்தை வாயிலிருந்து வெளியே போய்விடும் என்று என்னிடமும் அப்படியே சொன்னார்கள். சித்தி சொல்லச் சொல்ல அழுதாள். நான் அழவில்லை. என் தலைக்குள் எல்லாம் தலைகீழாக ஒவ்வொன்றாகப் புரண்டுகொண்டிருந்தது. வளையல், செருப்பு, சால்வை. கடைசியாக ஸ்டூல்.

சொல்லியிருக்கலாம். சித்தியிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். உப்பு எங்கிருந்தோ உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் அப்பாவிடம் கோபப்பட்டாராம். ஒரு கல் கூடப் போகவில்லை என்று அப்பா சத்தியம் செய்தாராம். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கோதுமை மாவு, அரிசி, பால். காலையில் அம்மாவுக்குச் சில நாள் டபுள்ரொட்டி என்கிற பிரெட் கொடுத்திருந்தார். ரொட்டியில் உப்பு இருக்கிறது என்று யாரோ ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். அது தன் தப்பு என்று முடிவுகட்டிவிட்டார். எத்தனை நாள், நாளுக்கு எத்தனை துண்டு என்று திரும்பத் திரும்பச் சித்தியிடம் கேட்டார். இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. ஒரு காலை முழுவதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து காலிஃப்ளவரைப் பிய்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் சமைக்க இல்லாத காலிஃப்ளவர்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, ரொட்டி இல்ல. நான்தான் அம்மாவுக்கு நார்த்தங்கா குடுத்தேன்."

அவர் காலிஃப்ளவரைக் கீழே வைத்தார். பிறகு ஈரக் கையால் என் தலையைத் தொட்டார்.

"என்னைத் தேத்துதியாம்மா?" என்றார். "அம்மா அப்படிக் கேக்கக்கூடியவ இல்ல. நீயும் குடுக்கக்கூடியவ இல்ல."

இல்லை, நிஜமாக என்றேன். சரி சரி என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, என் பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு என்று. நான் எழுந்து போய் ஜாடியைக் காட்டவா என்று யோசித்தேன். ஜாடியைக் காட்டினால் மட்டும் என்ன தெரியும்? சித்தியும்தான் அதிலிருந்து எடுத்தாள். நம்பாத ஒருவரிடம் குற்றத்தை எப்படி ஒப்படைப்பது? அது மறுபடியும் என் கைக்கே வந்துவிட்டது.

இதற்குள் சித்தி ஒரு காரியம் செய்தாள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கரோல் பாக் போனாள். மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே, உள்ளே கூப்பிடும் முன்பே, மாப்பிள்ளையின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவுக்குக் கிட்னியில் நோய், ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், அத்தானுக்குப் பிரஷர் என்று சொன்னது பொய், இஷ்டமிருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சொல்லி முடிக்கும்வரை என் கையை நசுக்கிப் பிடித்திருந்தாள்.

அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்.

"அன்னைக்கே உங்க அக்கா காலைப் பாத்தேன். சேலைக்குள்ள எவ்வளவு மடக்கினாலும் வீக்கம் தெரியாதா? எங்க வீட்டுக்காரருக்கு ஆறு வருஷம் உப்பில்லாம சமைச்சுப் போட்டவ நான். உள்ள வா."

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மாதம் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் சம்மதம் என்று கடிதம் போட்டிருக்கிறார். அப்படியென்றால் அப்பா யாரிடமிருந்து எதை மறைத்தார்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் மேல் கோபம் வருகிறது. பிறகு அந்தப் பெல்ட் ஓட்டை ஞாபகம் வந்து கோபம் போய்விடுகிறது.

உள்ளே உட்கார வைத்துப் பால் கொடுத்துவிட்டு, அக்காவுக்கு என்ன சமைத்துப் போட்டீர்கள் என்று கேட்டார். சித்தி சொன்னாள். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"உப்பை எடுக்கச் சொன்னா ருசியையும் சேத்தா எடுப்பாங்க? நல்லா இருக்கவனுக்கே அது இறங்காதே. அந்தப் பொண்ணு எப்படித் தின்னும்?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வீட்டில் மிக்ஸி என்பதே இல்லாத அந்தக் காலத்தில், பையில் ஒரு சின்ன உரலைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா எழுந்து நின்றார். அவரை ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார். தம்பி, தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

அன்று அவர் செய்ததை நான் இன்றும் செய்கிறேன், உங்களுக்கும் உபயோகப்படும், சொல்கிறேன். மல்லி விதை இரண்டு கை, சீரகம் ஒரு கை, மிளகு அதில் பாதி, நான்கு காய்ந்த மிளகாய், ஒரு கொத்துக் கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, எண்ணெயில்லாமல், வாசனை வரும்வரை சிறு தீயில் வறுக்க வேண்டும். கூட ஒரு ஸ்பூன் மாங்காய்ப் பொடி, டில்லிக்காரர்கள் ஆம்சூர் என்பார்களே, அது. கொரகொரவென்று இடித்து வைத்துக்கொண்டால் எந்தக் காய்க்கும் தூவலாம். முட்டைக்கோஸை வேக வைத்துத் தண்ணீரை வடிப்பது சரிதான், அது டாக்டர் சொன்னது. ஆனால் வடித்த பிறகு ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துப் பிரட்டி, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும். முள்ளங்கியை வேக வைக்கவே வேண்டாம், துருவிப் பிழிந்து, கொஞ்சமே கொஞ்சம் தயிரும் வறுத்த சீரகமும். சோற்றைக் குழைய விடக் கூடாது. இரண்டு பல் பூண்டைச் சுட்டு நசுக்கிச் சோற்றில் போட்டால் உப்பை நாக்கு தேடாது.

தேடாது என்றா சொன்னார்? தேடும், ஆனால் வழக்குப் போடாது என்று சொன்னார். அப்பா சிரித்துவிட்டார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஒரு பழைய நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அந்த நோட்டு எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

மதியம் தூக்குச்சட்டியோடு எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மா தலையணையில் சாய்ந்திருந்தாள். வீக்கம் கொஞ்சம் வடிந்து, கன்னம் தொளதொளவென்று இருந்தது. சித்தி ஊட்டினாள். முதல் வாய் வாங்கியதும் அம்மா நிறுத்திவிட்டாள். உப்புப் போட்டிருக்கிறீர்களா என்று பயத்தோடு கேட்டாள். இல்லை என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதும் முழுதும் சாப்பிட்டாள். சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். அப்பா வார்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள்.

ஹோலிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வருஷம் முழுக்க மருந்து, ஆஸ்பத்திரி, அந்தப் பொடி. மெல்ல மெல்ல நோய் வடிந்தது. எப்படி என்று டாக்டருக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. சில பேருக்கு அப்படிச் சரியாகிவிடுமாம். வைகாசியில் சித்தி கல்யாணம் நடந்தது. அம்மா எழுபத்து நான்கு வயது வரை இருந்தாள். அப்பா அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டார், கடைசிவரை ரொட்டித் துண்டு தன் தப்பு என்ற நினைப்போடு. நான் இன்னும் இரண்டு தடவை அவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை கல்லூரியில் படிக்கும்போது, ஒரு தடவை என் கல்யாணத்துக்கு முந்தின நாள். இரண்டு தடவையும் அதே ஈரக் கை மாதிரி ஒரு பார்வை. இன்னுமா அதை நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார்.

இனிமேல்தான் நான் சொன்ன அந்தக் குழப்பமான இடம்.

சித்தியின் மகளுக்குக் கல்யாணம், அதே கரோல் பாக்கில். அம்மாவுக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும். சமையல்கட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுற்றியிருந்த பெண்களிடம் அந்தப் பழைய குளிர்காலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பூத்தட்டோடு அந்தப் பக்கம் போனேன்.

"வாய் செத்துப்போயி, இவகிட்ட ஒரு துண்டு நார்த்தங்கா கேட்டேன். பத்து வயசுப் பிள்ளை. தரமாட்டேன்னுட்டா. ஸ்டூல் மேல ஏறி ஜாடியைப் பிடிச்சுக்கிட்டு, வேண்டாம்மான்னு அழுதா. அன்னைக்கு அவ குடுத்திருந்தா நான் இன்னைக்கு இல்ல."

பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். நான் தட்டோடு அப்படியே நின்றேன்.

கூட்டம் கலைந்ததும் போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா, நான் கொடுத்தேன், ஒரு நாள் இல்லை, ஒரு மாதத்துக்கு மேல் தினமும் கொடுத்தேன் என்றேன்.

"குடுக்கலட்டி," என்றாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

கண்ணை மூடி அதை நீ வாயில் அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன் என்றேன். அப்பாவிடம் சொல்லாதே என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒன்றை நினைவுபடுத்திப் பார்ப்பவள் போலவும் இருந்தது, ஒன்றை மறைப்பவள் போலவும் இருந்தது. அவள் என்னைக் காப்பாற்றத்தான் அந்தக் கதையைக் கட்டினாளா? ஒருவேளை தன்னையே காப்பாற்றவா? பெற்ற பிள்ளையிடம் அப்படிக் கேட்டுவிட்டோமே என்பதைத் தாங்க முடியாமல், கேட்ட இடத்திலேயே கதையை நிறுத்திக்கொண்டாளா? அல்லது அவள் சொல்வதுதான் நிஜமா? சித்தி அன்று முற்றத்தில் சொன்னதைக் கேட்டு, பயத்தில், நடக்காத ஒரு மாதத்தை நானே எனக்குள் நடத்திக்கொண்டேனா? பத்து வயதில் நான் மாடியில் தின்ற ஊறுகாய்க்கும் அம்மாவின் வீங்கிய முகத்துக்கும் முடிச்சுப் போட்டுவிட்டேனா? என் கையில் ஒட்டிய உப்பின் ருசி எனக்கு இன்னும் தெரிகிறது. ஆனால் அது எந்த வீட்டு உப்பு என்று கேட்டால் என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"குடுத்தேன்மா," என்றேன் மறுபடியும். என் குரல் எனக்கே குழந்தைக் குரலாகக் கேட்டது.

"சரி, குடுத்தேன்னே வச்சுக்கோ," என்றாள் அம்மா. "அதுக்கு இப்ப என்ன? செத்தா போயிட்டேன்? எந்திரி. இரண்டாம் பந்தி போட்டுட்டாங்க."

நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பந்தலுக்குள் கூட்டிக்கொண்டு போய், ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒருத்தியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். இலை போட்டுப் பரிமாறி முடிக்கும்வரை என் கையை அவள் விடவில்லை.